சிக்னல் இருக்கு, நெட் இல்லை

கல்லூரி விழா நடக்கும் அரங்கம், ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடம், பெரிய கண்காட்சி வளாகம் என்று ஏதாவது ஓரிடத்தில் இந்த அனுபவம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். போனின் மேல் ஓரத்தில் வைஃபை அடையாளம் முழுதாக நிற்கிறது. ஒரு கோடுகூடக் குறையவில்லை. ஆனால் அனுப்பிய படம் போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டில், பின்கட்டு அறையில், இரண்டே கோடு காட்டும்போது முழு சினிமாவே தடங்கலின்றி ஓடுகிறது. இங்கே கோடு முழுக்க இருந்தும், வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று பார்க்க முடியவில்லை.

"கூட்டம் அதிகம், அதான்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அது சரிதான். ஆனால் கூட்டம் எதை அடைத்துக்கொண்டது? பல நேரங்களில் கட்டடத்துக்குள் வரும் இணையக் கேபிளில் இடம் தாராளமாக இருக்கும். சிக்னலும் வலுவாக இருக்கிறது. இரண்டும் நன்றாக இருக்க, நடுவில் எது தீர்ந்துபோகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் வைஃபை நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களின் வேலையில் பாதி, இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான்.

மேடையில் திறக்காத பக்கம்

2010 ஜூன் 7. சான் ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ உலகத்துக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். பழைய போனையும் புதிய போனையும் அருகருகே வைத்து நியூயார்க் டைம்ஸ் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவது திட்டம். புதிய போனில் பக்கம் வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. அரங்கில் இருப்பவர்கள் வைஃபையை விட்டு விலகினால் உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து, காரணம் தெரிந்துவிட்டது என்று திரும்ப வந்து சொன்னார். அந்த அரங்குக்குள் மட்டும் 570 வைஃபை நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன! அவற்றில் பெரும்பங்கு ஆப்பிள் வைத்தவை அல்ல. நிகழ்ச்சியை உடனுக்குடன் எழுதி அனுப்ப வந்த செய்தியாளர்களும் வலைப்பதிவர்களும், பொது வைஃபை நெரிசலாக இருக்கும் என்று எண்ணி ஆளுக்கொரு சட்டைப்பை ஹாட்ஸ்பாட் கொண்டுவந்திருந்தார்கள். நெரிசலுக்குத் தப்ப ஒவ்வொருவரும் செய்த ஏற்பாடே எல்லோருக்கும் நெரிசலாக முடிந்தது.

பணத்துக்கோ திறமைக்கோ குறைவில்லாத ஒரு நிறுவனம், தன் ஆண்டின் மிக முக்கியமான நாளில் ஒரு பக்கத்தைத் திறக்க முடியாமல் நின்றது. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 570 நிலையங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாமே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்.

கோடு எதை அளக்கிறது?

கூரையில் வெள்ளைத் தட்டுபோல ஒட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டைப் பார்த்திருப்பீர்கள். இனி அதை அணுகுமுனை என்போம். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை. "நான் இன்ன நெட்வொர்க், என்னிடம் சேர நிபந்தனைகள் இவை" என்று வினாடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். இதைப் பெயர்க்கூவல் என்று வைத்துக்கொள்வோம். போனில் வைஃபை பெயர்களின் பட்டியல் விரிவது இந்தக் கூவல்களைக் கேட்டுத்தான்.

போனில் தெரியும் கோடு, அந்தக் கூவலும் அதே அணுகுமுனை அனுப்பும் மற்றவையும் உங்கள் போனுக்கு எவ்வளவு வலுவாகக் கேட்கின்றன என்பதன் அளவு. அவ்வளவுதான். உங்கள் போனின் பதில் அணுகுமுனைக்குக் கேட்கிறதா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அணுகுமுனைக்குப் பின்னால் இணையம் இருக்கிறதா என்றும் தெரியாது. உங்கள் முறை எப்போது வரும் என்பதும் அதில் இல்லை.

"வலுவாக" என்பதுகூட நாம் நினைக்கும் வலு அல்ல. அணுகுமுனை 0.1 வாட் அளவில் ஒலிபரப்புகிறது. நல்ல சிக்னல் என்று போன் மகிழ்ந்து காட்டும்போது அதன் ஆன்டெனாவில் வந்து விழுவது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு. அனுப்புவதற்கும் வந்து சேர்வதற்கும் இடையே பத்து கோடி மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவி தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதே அலைவரிசையில் மற்றொன்றைக் கேட்க முடியாமல் போவது இதனால்தான். தன் குரல் பத்து கோடி மடங்கு ஓங்கி ஒலிக்கையில், தன்னுடையதோடு இன்னொருவருடையது மோதிச் சிதைவது அதன் காதில் விழாது.

ஒரு நேரத்தில் ஒருவர்

ஒரே மைக் உள்ள கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசினால்தான் புரியும். இருவர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் வீண். வைஃபையின் ஒவ்வொரு சேனலும் அப்படித்தான். ஒரே சேனலில், ஒருவருக்கொருவர் கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் பேசியாக வேண்டும். எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்பது பொருட்டே அல்ல. பக்கத்து வீட்டு வைஃபையும் உங்கள் வைஃபையும் ஒரே சேனலில் இருந்தால், பாஸ்வேர்ட் வேறாக இருந்தாலும் காற்று ஒன்றுதான்.

இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஹவாய் பல்கலைக்கழகத்தினர். 1971 ஜூனில் நார்மன் ஆப்ராம்சனின் குழு அலோஹாநெட் என்ற வானொலிக் கணினி வலையை இயக்கத் தொடங்கியது. வெவ்வேறு தீவுகளில் இருந்த முனையங்கள் ஓவாஹு தீவின் கணினியோடு பேச வேண்டும். விதி மிக எளிது. தோன்றும்போது அனுப்பு. "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால், ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுபட வேண்டும் என்பதுதான் இதன் நுட்பம். இருவரும் ஒரே நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள்.

இந்த முறையில் சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று ஆப்ராம்சன் கணித்துக் காட்டினார். ஒரு செய்தியின் வால் மற்றொன்றின் தலையை லேசாகத் தொட்டாலும் இரண்டும் பாழ். இன்றைய வைஃபை அதன் வழித்தோன்றல்தான், கொஞ்சம் நாகரிகம் கற்றுக்கொண்டது. முதலில் காற்றைக் கவனிக்கும். யாரும் பேசவில்லை என்றால், 0 முதல் 15 வரை ஏதாவது ஓர் எண்ணை மனதுக்குள் எடுத்துக்கொண்டு அதைக் கீழ்நோக்கி எண்ணும். பூஜ்யம் வந்ததும் அனுப்பும். பதில் வராவிட்டால் அடுத்த முறை 0 முதல் 31 வரை. அப்படியே இரட்டித்து 1023 வரை போகும்.

ஆக, வைஃபையில் பகிர்ந்துகொள்ளப்படும் பொருள் நேரம். ஒரு சேனலுக்கு ஒரு வினாடியில் கிடைப்பது ஒரு வினாடிதான். ஒரு கருவி பேசும் நேரத்தை வான்நேரம் என்று அழைப்போம். கூட்டத்தில் தீர்ந்துபோவது இதுதான். சிக்னல் கோடு இதைக் காட்டுவதே இல்லை.

570-இன் கணக்கு

இப்போது அந்த அரங்குக்குப் போவோம். ஐபோன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அந்த அலைவரிசையில் பதினொன்று, பதின்மூன்று என்று சேனல்கள் எண்ணிடப்பட்டிருந்தாலும் பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை மூன்றுதான்: 1, 6, 11. எனவே 570 நிலையங்களும் சமமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தன என்றே வைத்துக்கொண்டாலும், சேனலுக்கு 190.

ஒரு பெயர்க்கூவலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பழைய கருவிகளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகக் கூவல் ஆக மெதுவான வேகத்தில் சொல்லப்படுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது வினாடிக்கு 10 லட்சம் பிட். சிறிய கூவலே 170 எழுத்து அளவு இருக்கும், அதாவது 1360 பிட். முன்னால் வரும் தயாரிப்பு ஒலியையும் சேர்த்தால் ஒரு கூவலுக்கு 1.5 மில்லி வினாடி, அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு வினாடி.

கண்ணுக்கே தெரியாத அளவு. வினாடிக்கு 10 கூவல் என்றால் 15 மில்லி வினாடி. இதுவும் ஒன்றுமில்லை, சேனலின் நேரத்தில் 1.5 விழுக்காடு. இப்போது 190-ஆல் பெருக்குங்கள். 2850 மில்லி வினாடி.

ஒரு வினாடிக்குள் 2.85 வினாடிக்கான கூவல்! ஒருவர்கூட ஒரு பக்கத்தையும் திறக்காமல், ஒரு எழுத்தையும் அனுப்பாமல் இருந்தாலும், அந்த 190 கருவிகளும் தங்கள் பெயரைச் சொல்லி முடிக்கவே நேரம் போதாது. அதற்கு மேல்தான் ஆயிரக்கணக்கான போன்கள், மடிக்கணினிகள், நியூயார்க் டைம்ஸ்.

இது ஒரு மேல்வரம்புக் கணக்கு. அரங்கின் ஒரு மூலையில் உள்ள சிறு ஹாட்ஸ்பாட் மறுமூலைக்குக் கேட்காது. நடுவில் உள்ள மனித உடல்கள் அலையை விழுங்கும். ஆனால் பாதியும் அதற்கு மேலும் தள்ளுபடி செய்தாலும் சேனல் நிரம்பித்தான் வழிகிறது. மேடையில் இருந்த போனின் திரையிலோ, கூவல்கள் அத்தனையும் பக்கத்திலேயே இருந்து வருவதால், கோடு முழுதாக இருந்திருக்கும்.

இதே கணக்கு நம் ஊர் விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அப்படியே பொருந்தும், கொஞ்சம் சத்தம் குறைவாக. ஒரு தளத்தில் ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று கேட்கும்படி 8 அணுகுமுனைகள் இருக்கின்றன என்போம். நிர்வாகம் மாணவருக்கு ஒரு பெயர், ஆசிரியருக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என நான்கு வைஃபை பெயர்கள் வைத்திருக்கிறது. நான்கு பெயர் என்றால் ஒவ்வொரு அணுகுமுனையும் நான்கு விதமாகக் கூவ வேண்டும். 8 × 4 × 1.5 = 48. சேனலின் ஏறத்தாழ பாதி நேரம் பெயர் சொல்வதிலேயே போயிற்று.

இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்க்கும் புதுக் கருவி வாங்க வேண்டாம். நான்கு பெயரை ஒன்றாக்கி, யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதை உள்நுழையும்போது பிரித்துக்கொண்டால் 48 விழுக்காடு 12 ஆகிறது. கூவலின் வேகத்தை வினாடிக்கு 10 லட்சம் பிட்டிலிருந்து 1.2 கோடிக்கு உயர்த்தினால் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். 12 விழுக்காடு சுமார் 1 ஆகிறது. மிகப் பழைய கருவிகள் சில சேர முடியாமல் போகும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்ததும் இன்னும் நான்கு அணுகுமுனை வாங்கி மாட்டுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அதே சேனலில் மாட்டினால் அவையும் சேர்ந்து கூவும். முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு நிர்வாகத்திடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மெதுவாகப் பேசும் ஒருவர்

கூவலுக்கு நடந்ததேதான் தகவலுக்கும் நடக்கிறது. 1500 எழுத்து கொண்ட ஒரு தகவல் பொட்டலம், வினாடிக்கு 5.4 கோடி பிட் வேகத்தில் 0.22 மில்லி வினாடியில் போய்விடும். அதே பொட்டலம் 10 லட்சம் பிட் வேகத்தில் 12 மில்லி வினாடி எடுக்கும். முறை என்பது பொட்டலத்துக்கு ஒன்று. எனவே தொலைவில், சுவருக்கு அப்பால் நின்று மெதுவாகப் பேசும் ஒரு போன் தன் ஒரு முறைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் ஐம்பது முறை பேசியிருக்கலாம். ஒருவரின் மோசமான சிக்னல் அவருடைய சொந்தப் பிரச்சினை என்று நினைப்போம். வைஃபையில் அது அந்தச் சேனலில் இருக்கும் எல்லோருடைய பிரச்சினையும் ஆகிவிடுகிறது.

2005 மார்ச்சில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், இணையத்தின் விதிமுறைகளையே எழுதும் பொறியாளர்கள் கூடினார்கள். அவர்களுடைய கூட்ட அரங்கிலேயே வைஃபை திணறியது. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே காற்றில் பறந்த பொட்டலங்களைப் பதிவுசெய்து பிரித்துப் பார்த்தார்கள். வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு நெரிசலைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். ஒரு பொட்டலம் மோதிச் சிதைகிறது. பதில் வரவில்லை. போன் என்ன நினைக்கும்? "சிக்னல் பலவீனம் போலிருக்கிறது, மெதுவாகச் சொல்லிப் பார்ப்போம்" என்று வேகத்தைக் குறைக்கும். மெதுவாகச் சொன்னால் அதிக நேரம் ஆகும். அதிக நேரம் ஆனால் இன்னும் பலருடைய பொட்டலங்களோடு மோதும். அவர்களும் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். நன்றாக இருக்கும் அரங்க வைஃபை சில நிமிடங்களில் ஒரேயடியாகப் படுத்துவிடுவதன் காரணம் இந்தச் சுழல்.

குறைத்துப் பேசினால் கேட்கும்

சிக்னல் சரியில்லை, பவரைக் கூட்டு என்பது இயல்பாக வரும் யோசனை. பெரிய நெட்வொர்க்குகளில் செய்வது பெரும்பாலும் நேர்மாறானது.

பவரைக் கூட்டினால் அணுகுமுனையின் குரல் தூரம் போகும். ஆனால் போனின் குரல் கூடாது, அதன் பேட்டரியும் ஆன்டெனாவும் சிறியவை. தொலைவில் இருக்கும் போனுக்கு அணுகுமுனை நன்றாகக் கேட்கும், கோடு நிறைந்திருக்கும். போன் சொல்வது அணுகுமுனைக்குக் கேட்காது. சிக்னல் இருக்கு, நெட் இல்லை. அதோடு, தூரம் போகும் குரல் இன்னும் பல அணுகுமுனைகளின் காதில் விழுந்து, அவையும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதாகிறது. ஒவ்வொன்றும் குறைத்துப் பேசினால், அதே மூன்று சேனல்களை அரங்கின் பல மூலைகளில் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

இதன் உச்சத்தைக் கலிஃபோர்னியாவின் லீவைஸ் ஸ்டேடியத்தில் பார்க்கலாம். 2014-இல் திறக்கப்பட்ட அந்த விளையாட்டரங்கில் சுமார் 1200 அணுகுமுனைகள். அவற்றில் பல, உயரத்தில் கம்பத்தின் மேல் இல்லை, இருக்கைகளுக்கு அடியில் இருக்கின்றன. மேலே உட்காருபவர்களின் உடம்புதான் தடுப்புச் சுவர். உடம்பில் பெரும்பகுதி நீர், நீர் இந்த அலைகளை நன்றாக விழுங்கும். மற்ற இடங்களில் தொல்லையாக இருக்கும் இந்த இயல்பை, அலை சில வரிசைகளுக்கு அப்பால் போகாதபடி தடுக்க அங்கே வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் அங்கு நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தன்று ரசிகர்கள் வைஃபையில் 10.1 டெராபைட் தகவல் பரிமாறினார்கள்.

முகவரி தீர்ந்துபோனால்

எல்லாக் குற்றத்தையும் காற்றின் மேல் போடவும் கூடாது. கோடு இருக்கிறது, "இணைந்தது" என்றும் காட்டுகிறது, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், காற்றைத் தாண்டிய இன்னொரு கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

போன் அணுகுமுனையோடு சேர்ந்ததும் முதலில் கேட்பது ஓர் ஐபி முகவரி. நெட்வொர்க்கில் முகவரி கொடுப்பதற்கென்றே ஒரு கணினி இருக்கும். சிறு நெட்வொர்க்குகளில் வழக்கமாக வைக்கும் அமைப்பில் 254 முகவரிகள்தான் உண்டு. அவற்றில் ஒன்றை ரவுட்டரே எடுத்துக்கொள்ளும், மீதி 253. ஒரு முகவரியைக் கொடுத்தால் இத்தனை மணி நேரத்துக்கு அது உன்னுடையது என்று சொல்லித்தான் கொடுக்கும். அலுவலகத்தில் அதை 24 மணி நேரம் என்று வைத்தால் பாதகமில்லை, தினமும் வருபவர்கள் அதே ஆட்கள்தான்.

அதே அமைப்பை ஒரு ரயில் நிலையத்தில் வைத்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் ரயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபையைத் தொடங்கி, 2018 ஜூனில் திப்ரூகரோடு 400 நிலையங்களை எட்டின. அம்மாதிரி இடத்தில் மக்கள் வருவார்கள், பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஒருமுறை சேர்ந்த போன், அடுத்த முறை உரிமையாளர் பையிலிருந்து எடுக்காமல் நடந்து போகும்போதே தானாகச் சேர்ந்துகொண்டு முகவரியும் வாங்கிக்கொள்ளும். காலை முதல் வண்டி வந்து 253 போன்கள் கடந்து போனால் போதும், அன்று முழுவதும் பின்னால் வருபவருக்கு முகவரி இல்லை. பிளாட்பாரம் காலியாகக் கிடக்கும், காற்றும் காலியாக இருக்கும், ஆனாலும் நெட் வராது.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வைஃபை அமைப்புகளில் அந்த நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், கேட்டுக் கிடைக்காமல் உங்கள் கருவி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். சில போன்கள் இதைக் காட்டாமல் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற வரியிலேயே நிற்கும். தீர்வு எளிது. முகவரியை 30 நிமிடத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும், முகவரிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

யாருக்கு, எங்கே, எப்போது

"வைஃபை வேலை செய்யலை" என்று வரும் புகாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அனுபவப்பட்ட நிர்வாகி உடனே கருவியைத் தொடமாட்டார், மூன்று கேள்வி கேட்பார்.

யாருக்கு? ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்கு வருகிறது, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இல்லை என்றால் முகவரியையோ பாஸ்வேர்ட் சரிபார்க்கும் கணினியையோ பார்க்க வேண்டும். ஒரே மாதிரி போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றால் சந்தேகம் அந்தப் போனின் மென்பொருள் மேல் போகும்.

எங்கே? ஓர் அறையில் நன்றாக இருக்கிறது, நடந்து அடுத்த கட்டடம் போனால் நின்றுவிடுகிறது என்றால், போன் பழைய அணுகுமுனையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். எந்த அணுகுமுனைக்கு மாறுவது, எப்போது மாறுவது என்பதைத் தீர்மானிப்பது போன்தான், நெட்வொர்க் அல்ல. இது பலருக்கும் தெரியாத செய்தி. நெட்வொர்க் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த வழியில்லை. துண்டித்து விடத்தான் முடியும்.

எப்போது? மூன்றிலும் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். பகல் 12.30 முதல் 1.30 வரை கேன்டீன் பக்கம் மட்டும் மெதுவாகிறது என்றால் மைக்ரோவேவ் அடுப்பைத் தேடுங்கள். அது 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பாதி இடத்தில் உட்காரும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறுவதால், சாதாரண அடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் உமிழ்ந்து பாதி நேரம் அடங்கும். எனவே நெட் சாகாது, இழுத்து இழுத்து வரும். விமான நிலையத்துக்கு அருகே உள்ள அலுவலகத்தில் நேரம் கெட்ட நேரத்தில் எல்லோரும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டால் ரேடாரை நினைக்க வேண்டும். வைஃபை தன் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறது. ரேடார் துடிப்பு கேட்டால் அணுகுமுனை 10 வினாடிக்குள் அந்தச் சேனலைக் காலிசெய்ய வேண்டும். அதே வகையைச் சேர்ந்த வேறொரு சேனலுக்குப் போவதானால், குறைந்தது 60 வினாடி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் தொடங்கலாம். விதி அது.

"எப்போது" என்று கேட்கப் பதிவேடு வேண்டும். நல்ல நாளில் காற்று எத்தனை விழுக்காடு நிரம்பியிருந்தது, அனுப்பியதில் எத்தனை விழுக்காட்டை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்ற இரண்டு எண்களையும் தினமும் எழுதி வைத்தவருக்குத்தான் கெட்ட நாளில் என்ன மாறியது என்று தெரியும்.

தேனியிலிருந்து ஒரு பாடம்

அணுகுமுனைக்கு மின்சாரமும் நெட் கேபிள் வழியாகவே வருகிறது. 24 இணைப்பு கொண்ட ஸ்விட்ச் ஒன்றால் மொத்தம் 370 வாட் தர முடியும் என்றால், ஆளுக்கு 15 வாட் கேட்கும் பழைய அணுகுமுனைகள் 24 தாங்கும். 30 வாட் கேட்கும் புதியவை 12-தான். காற்றைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம், ஆனால் கம்பியில்லா நெட்வொர்க் பல நேரங்களில் படுப்பது கம்பியில் வரும் மின்சாரத்தால்.

இதை விரிவாகப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று நம் தேனியில் நடந்தது. 2000-களின் நடுவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு வைஃபையால் இணைத்தது. ஊரில் நோயாளி உட்கார்ந்திருப்பார், தேனியில் உள்ள மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவார். சாதாரண வைஃபை கருவிகளையே, ஒரே திசையில் பாய்ச்சும் ஆன்டெனாக்களோடு, கோபுரங்களிலும் கூரைகளிலும் ஏற்றினார்கள். 

பல கிலோமீட்டர் தூரத்தில் வைஃபையின் விதிகளே முறிந்தன. 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோ வினாடி ஆகும். போன பொட்டலத்துக்குப் பதில் வந்து சேர்வதற்குள், வரவில்லை என்று முடிவுகட்டி கருவி மறுபடி அனுப்பிவிடும். எதிர்முனை பேசத் தொடங்கியது இந்த முனைக்குத் தெரிவதற்குள் இதுவும் தொடங்கிவிடும். எனவே கேட்டுவிட்டுப் பேசும் முறையையே நீக்கி, கடிகாரப்படி இந்த முனைக்கு இவ்வளவு நேரம், அந்த முனைக்கு இவ்வளவு நேரம் என்று மென்பொருளை மாற்றி எழுதினார்கள். அந்தச் சிக்கல் மேசையில் உட்கார்ந்தே தீர்ந்தது.

தீராமல் இழுத்தது மின்சாரம். 2008-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் அலைகளைவிட அதிகம் பேசப்படுவது அதுதான். மின்னழுத்தம் திடீரென எகிறி அடாப்டர்களும் ரவுட்டர் போர்டுகளும் கருகின. அதைவிடத் தொல்லை தந்தது தாழ்ந்த மின்னழுத்தம். பேட்டரி இறங்கிக்கொண்டே வரும்போது ரவுட்டர் முழுதாக அணைவதில்லை. அரைகுறை மின்சாரத்தில் எழ முயன்று, விழுந்து, மறுபடி எழ முயன்று, அந்த முயற்சியில் நினைவகத்தில் இருந்த மென்பொருள் சிதைந்துவிடும். அல்லது அசையாமல் உறைந்துவிடும். பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தாலும் யாராவது போய் அணைத்துப் போட வேண்டும். மையத்தில் இருப்பவருக்கோ, பெர்க்லியில் திரைமுன் இருப்பவருக்கோ, தெரிவது ஒன்றே ஒன்று: லிங்க் இல்லை. ஆன்டெனா காற்றில் திரும்பிவிட்டதா, கருவி கெட்டதா, கரண்ட் இல்லையா என்று தொலைவிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

அவர்கள் செய்த மாற்றங்கள் எல்லாமே எளியவை. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ரவுட்டரை முழுதாகத் துண்டித்துவிடும் சிறு மின்சுற்று. மென்பொருள் உறைந்தால் தானே அணைத்துப் போடும் இன்னொன்று. நினைவகத்தில் வழக்கமான நேரங்களில் எதையும் எழுதவிடாத அமைப்பு. வெளியிலிருந்து ரவுட்டரைத் தொடர்புகொள்ள முடியாத இடங்களில், ரவுட்டரே குறித்த நேரத்தில் தன் நிலவரத்தைச் சொல்ல அழைக்கும் ஏற்பாடு. மைய ஊழியர்களுக்கு எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், எந்தக் கேபிளை முதலில் பார்க்க வேண்டும் என்ற பயிற்சி. துண்டிக்கும் மின்சுற்று வந்த பிறகு, கோபுரத்தடிக்கு ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போட வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. நாளடைவில் பராமரிப்பும் உள்ளூர்க்காரர்கள் கைக்கே வந்தது.